அமலோற்பவத்துக்கு முப்பத்தொன்று

திரையில் அமலோற்பவம் என்ற பெயருக்கு எதிரே முப்பத்தொன்று என்று வந்தது. ஹாலில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. பெருங்குடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடி. 'அகமானி' நிறுவனத்தில் வாரம் இப்படித்தான் தொடங்கும். இந்தக் கூட்டத்துக்குக் 'கேம்ப்ஃபயர்' என்று பெயர். நெருப்பெல்லாம் கிடையாது, ஏ.சி. பதினெட்டில் ஓடும். எல்லாரும் தரையில் போட்ட பஞ்சு மூட்டைகளில், முழங்கால் மூக்கை இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். நிறுவனர் அபினவுக்கு நாற்காலி பிடிக்காது. நாற்காலி அதிகாரத்தின் சின்னமாம். அதனால் மற்றவர்கள் தரையில் உட்கார, அவன் மட்டும் நின்றுகொண்டு பேசுவான்.

அபினவ் அலுவலகத்துக்குள் செருப்பும் போடமாட்டான். அது பணிவு என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தான். பேட்டி வெளிவந்த வாரமே பாதி அலுவலகம் வெறுங்காலோடு திரிந்தது. அவனை யாரும் 'சார்' என்று அழைக்கக் கூடாது. வாய் தவறி அழைத்தால் எல்லார் முன்னிலையிலும் பத்துத் தோப்புக்கரணம். அங்கே எல்லாரும் சமம் என்பதை அப்படித்தான் நிலைநாட்டினார்கள்.

ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பொட்டு அளவில் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. நிறுவனத்தின் ஒரே தயாரிப்பு அதுதான். ஒருவன் ஒன்றைச் சொல்லும்போதோ கேட்கும்போதோ, அதை உள்ளூர எவ்வளவு நம்புகிறான் என்று வில்லை அளந்துவிடும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண். ஆட்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் வாங்கின. இரண்டு கல்லூரிக் குழுமங்கள் வாங்கின. ஒரு திருமணத் தகவல் நிறுவனம்கூட, மாப்பிள்ளை 'பெண்ணைப் பிடித்திருக்கிறது' என்று சொல்லும்போது ஒட்டிப் பார்ப்பதற்காக வாங்கியது. விற்கிற மருந்தை வைத்தியன் முதலில் தான் குடிக்க வேண்டும் என்பான் அபினவ். ஆகவே திங்கள்தோறும் அவன் பேச, கேட்பவர்களின் நம்பிக்கை திரையில் ஓடும்.

"நாம விக்கிறது வில்லை இல்ல," என்று அன்றைக்கும் சொன்னான் அபினவ். "மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல இருக்கிற சந்தேகத்தையே இந்தப் பூமியிலேர்ந்து துடைச்சு எடுக்கப் போறோம்."

அவன் எண் தொண்ணூற்றெட்டு. கைதட்டினார்கள்.

குலசேகரனும் தட்டினான். அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு. நிறுவனத்தின் நான்காவது ஆள் அவன். கோவில்பட்டிக்காரன். வில்லைக்குள் ஓடும் கணக்கு முழுவதும் அவன் எழுதியது. அபினவ் வாயைத் திறந்தாலே அவனுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வரும். இந்த ஆள், இந்த வெறுங்கால், இந்தப் பஞ்சு மூட்டை எல்லாமே அவனுக்கு இளக்காரம். ஆனாலும் வாரா வாரம் எண் தொண்ணூறுக்குக் குறைவதில்லை. அப்படியானால் அடிமனத்தில் எங்கேயோ இந்த இடத்தை நம்புகிறோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பு சுகமாக இருந்ததால் அதைத் தோண்டிப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் ரித்திகா ஒரு காகிதத்தோடு அவன் மேசைக்கு வந்தாள். ரித்திகா மகிழ்ச்சித் துறையின் தலைவி. ஆட்களை வேலையிலிருந்து அனுப்புவது அந்தத் துறையின் பொறுப்பு.

"அமலிக்காவுக்கு இது மூணாவது திங்கள், குலா. ஐம்பதுக்குக் கீழ. ஸோ, புதன்கிழமை பட்டமளிப்பு. உன் சைன் வேணும்."

வேலையை விட்டு நீக்குவதற்கு அங்கே அதுதான் பெயர். கறுப்பு அங்கி போட்டு, சதுரத் தொப்பி வைத்து, கேக் வெட்டி, 'இவர் நம்மிடம் கற்றுத் தேறிவிட்டார்' என்று அபினவ் பேச, எல்லாரும் கைதட்டி வாசல்வரை கொண்டு விடுவார்கள். குடும்பத்தையும் அழைத்து வரலாம். இதுவரை அறுபத்தொரு பட்டதாரிகள். அவர்களில் ஒருவன் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகப் போவதாக மிரட்டியதிலிருந்து, அளவீடு சரியானதே என்று குலசேகரன் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்ற விதி வந்தது. எண் பட்டதாரியோடு போகும். வில்லை வாங்கிய எல்லா நிறுவனங்களும் பார்க்கும் பொதுப் பட்டியல் ஒன்று இருந்தது. ஐம்பதுக்குக் கீழ் என்று அதில் ஏறியவனை எந்தக் கம்பெனியும் நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடுவதில்லை.

"முதல் பத்துப் பேருக்கு இந்த ரூல் கிடையாதே?" என்றான் குலசேகரன்.

"போன மாசத்தோட எடுத்தாச்சு. வில்லைய வாங்கப் போற அந்த பேங்க் குரூப் கேட்டாங்க, விதிவிலக்கே இருக்கக் கூடாதுன்னு. புதன்கிழமை அவங்களும் வராங்க. ஒரு பட்டமளிப்பை நேர்ல பாக்கணுமாம்." ரித்திகா குரலைத் தாழ்த்தினாள். "அபி சொன்னான், அமலிக்கா பெஸ்ட் டெமோன்னு. பழைய ஆள். எல்லாருக்கும் பிடிச்சவங்க. அவங்களையே மெஷின் விடலைன்னா பாரு, எவ்ளோ நேர்மை!"

சொல்லும்போது அவள் கண்கள் நிஜமாகவே கலங்கின. அவளுக்கு அன்றைய எண் தொண்ணூற்றாறு.

காகிதத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டான்.

*

கூட்ட அறைகளுக்கு நதிகளின் பெயர் வைத்திருந்தார்கள். மதியம் தாமிரபரணியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை அமலோற்பவம் பிடித்தாள். நாற்பத்தொரு வயது, ராயபுரத்துக்காரி. வாடிக்கையாளர் குறைகேட்புப் பிரிவின் தலைவி. ஆறாவது ஆளாக வந்தவள். அலுவலகம் முழுவதற்கும் அமலிக்கா. முறை சொல்லிக் கூப்பிடுவது அங்கே பழமைவாதம். ஆனால் விளம்பர வீடியோவில் 'அமலிக்கா' நன்றாக எடுபட்டதால் அவளுக்கு மட்டும் அனுமதி.

"குலா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எனக்கே தெரியாம எனக்கு நம்பிக்கை போயிடுமா?"

"என்னக்கா பேச்சு இது."

"இல்ல, சொல்லு. ராத்திரி பகலா யோசிச்சுப் பாக்கறேன். வேற கம்பெனி ரெண்டு மடங்கு சம்பளம் தரேன்னு கூப்பிட்டப்ப போகல. என் தம்பி ஆரோக்கியம் நல்ல கவர்ன்மென்ட் பேங்க் வேலையில இருந்தான். அவன விட்டுட்டு வாடா, இது பெருசா வரும்னு நான்தான் இழுத்துட்டு வந்தேன். நம்பாமலா செஞ்சேன்? நம்பற மாதிரி நடிச்சேனா?"

ஆரோக்கியம் விற்பனைப் பிரிவில் இருந்தான். அவன் எண் ஒருநாளும் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியதில்லை.

"மெஷின்னா ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும்க்கா."

"சும்மா சொல்லாத. நீ பண்ண மெஷின். தப்பு சொல்லாது." கதவைப் பார்த்துவிட்டு நெருங்கி வந்தாள். "உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. போன மாசம் வில்லைய கழட்டாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். தப்புதான். அப்ப செலினுக்கு டெங்கு. ஆஸ்பத்திரில கெடந்தா. ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிக்கிட்டே போகுது. கோயிலுக்குப் போயி மாதா முன்னாடி முட்டி போட்டு, என் பொண்ணக் குடுத்துடும்மான்னு கேட்டேன். மாதா குடுப்பான்னு எனக்கு அப்படி ஒரு தைரியம் குலா. வெளிய வந்து போன்ல பாத்தா இருபத்தொம்பது."

குலசேகரன் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது.

"செலின் பொழச்சுட்டா. அது வேற. ஆனா அன்னிலேர்ந்து முட்டி போட்டா ஜெபம் வர மாட்டேங்குது. இதுவும் நிஜமில்ல, நீ சும்மா வாயசைக்கிறேன்னு உள்ள ஒண்ணு சொல்லுது. பொண்ணுக்காக வேண்டுனதுகூட வேஷம்னா, நான் என்ன பொம்பள குலா?"

குலசேகரன் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.

*

அன்றைக்கு மூன்று மணிக்கு, தன் கண்ணாடி அறையின் திரையை இறக்கிவிட்டு, குலசேகரன் ஒரு காரியம் செய்தான். காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டிக்கொண்டு, யாரும் இல்லாத அறையில் சத்தமாகச் சொன்னான்:

"என் பேர் குலசேகரன்."

இருபத்திரண்டு.

"எங்க அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி."

இருபது.

"எனக்கு வலது கால்ல ஆணி இருக்கு."

பத்தொன்பது.

அபினவைப் போலவே கையை விரித்துச் சொன்னான்: "சந்தேகத்தையே இந்தப் பூமியிலேர்ந்து துடைச்சு எடுக்கப் போறோம்!"

தொண்ணூற்று மூன்று.

இத்தனை வருடங்களில், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் அந்த அலுவலகத்தில், ஒருவர்கூட வில்லையை ஒட்டிக்கொண்டு ஒரு சாதாரண உண்மையைச் சொல்லிப் பார்த்ததில்லை. சோதனைக்கெல்லாம் கம்பெனியின் பெருமையைத்தான் பேசிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டிய தேவை அங்கே யாருக்கும் வரவில்லை.

பழைய பதிவுகளைத் தேடி எடுத்தான். வேளச்சேரியில் நிறுவனம் தொடங்கிய அந்த இரண்டு படுக்கையறை ஃப்ளாட். முதல் அளவுகோல் போட்ட நாள். எந்த அளவுகோலுக்கும் மேலே ஒரு புள்ளி வேண்டும், கீழே ஒரு புள்ளி வேண்டும். கோப்பில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவன் கையாலேயே தட்டச்சு செய்தவை. இரண்டையும் படித்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து நேரே அபினவின் அறைக்குப் போனான். அங்கே அபினவுக்கு நாற்காலி உண்டு.

*

"என்ன குலா, இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்க?"

"வில்லைய ஒட்டு. உங்கப்பா என்ன வேலை பாத்தாருன்னு சொல்லு."

"வெளயாடுறியா?"

"சொல்லு அபி."

அபினவ் ஒட்டிக்கொண்டான். "எங்கப்பா ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர்." போனைப் பார்த்தான். இருபத்துநான்கு. மறுபடி சொன்னான். இருபத்துநான்கு. பிறகு, யாரும் சொல்லாமலே, "நாம உலகத்தை மாத்தப் போறோம்," என்றான். தொண்ணூற்றெட்டு.

"எப்படிடா இது?"

"அளவுகோல் போட்ட அன்னிக்கு, நம்மள்ல இந்தக் கம்பெனிய ரொம்ப நம்பறவன் யாருன்னு கேட்டோம். ஞாபகம் இருக்கா? எல்லாரும் உன்னத்தான் கைகாட்டுனோம். நீ அந்த முதல் இன்வெஸ்டருக்குப் பேசறதப் பதிவு பண்ணி, அதை நூறுன்னு வச்சோம்."

"சரி?"

"பூஜ்யத்துக்கு ஆள் தேடுனோம். அன்னிக்குத்தான் அமலிக்கா வேலை கேட்டு வந்திருந்தாங்க. சோபாவுல உக்காந்து நீ பேசறதயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. மூளையில அலையே இல்ல. குளம் மாதிரி இருந்துச்சு. பாவம், ஒண்ணும் புரியல போல, இதான் பூஜ்யம்னு வச்சுட்டேன்." குலசேகரன் மேசையில் கையை ஊன்றினான். "அவங்க புரியாம உக்காந்திருக்கல, அபி. நம்பி உக்காந்திருந்தாங்க. நம்பறவன் மூளை சும்மா இருக்கு. நம்பாதவன் நம்பற மாதிரி பேசும்போதுதான் அது கெடந்து உழைக்குது. நாம அந்த உழைப்ப அளந்துட்டு நம்பிக்கைன்னு பேர் வச்சிருக்கோம். அமலிக்காவுக்கு வர முப்பத்தொண்ணு இருக்கே, அதுகூட பயத்துல வர்றது."

அபினவ் வெறும் கால்களை ஆட்டினான்.

"அப்ப, அன்னிக்கு நான் நம்பலைங்கற."

"நான் சொல்லல. உன் வில்லை சொல்லுது."

"கரெக்ட்தான்." சட்டென்று சிரித்தான். "எவன்டா நம்புவான்? நாலு பேரு, ஒரு ஓட்டை ஃபேன். நீ வேற மூலையில உக்காந்து மிக்சர் தின்னுட்டு இருந்த."

"சிரிக்காத. அறுபத்தொரு பேர வெளிய அனுப்பியிருக்கோம். அத்தனை பேரும் உன்ன நம்புனவங்க. லிஸ்டுல பேர் ஏறி, எங்கயும் வேலை கிடைக்காம அலையறாங்க. அந்த சீனிவாசகம் இருந்தானே, அவன் பொண்டாட்டி, நீ என்னையும் நம்ப வச்சு ஏமாத்துனியான்னு கேட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நம்பர் தப்புன்னு லிஸ்டுல சொல்லணும். எல்லாருக்கும் சொல்லணும்."

"உக்காரு." அபினவின் குரலில் இப்போது ஒரு கனிவு வந்தது. முதலீட்டாளர்களிடம் வரும் கனிவு. "அந்த அறுபத்தொரு பேர் போனப்புறம்தான் நாம வளந்தோம், கவனிச்சியா? ஒரு மாடி மூணு மாடியாச்சு. நம்மகிட்ட வாங்குன இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விற்பனை எகிறிடுச்சு. ஏன்? நம்பறவன் கஸ்டமர்கிட்ட, சார் இது உங்களுக்கு வேணாம்னு சொல்லிடுவான். நாம அவன வடிகட்டிக் குடுத்துட்டோம். நாளான்னிக்கு வர பேங்க்குக்கு என்ன வேணும்? தான் விக்கற பாலிசிய நம்பறவனா? இது கெட்டுப்போன மெஷின் இல்ல குலா. நாம நெனச்சதவிட நல்ல மெஷின்."

"அப்ப அதச் சொல்லியே வித்துக்க."

"அதச் சொன்னா எவன் வாங்குவான்? வாங்கறவனும் கண்ணாடியில தன் மூஞ்சியப் பாக்கணும்ல." எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டான். "அமலிக்கா பேப்பர்ல சைன் பண்ணிடு. வியாழக்கிழமை உன் கார்டுல இணை நிறுவனர்னு அடிச்சுத் தரேன். மத்தபடி இது நமக்குள்ள."

"யோசிக்கறேன்" என்றான் குலசேகரன்.

செவ்வாய் மதியம் வரை அவன் உண்மையிலேயே யோசித்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இணை நிறுவனர் என்ற சொல்லை இரண்டு மூன்று முறை தன் பெயரோடு சேர்த்துச் சொல்லியும் பார்த்துக்கொண்டான். பிறகு, குறைகேட்புப் பிரிவைத் தாண்டிப் போகும்போது அமலோற்பவத்தின் குரல் கேட்டது. புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல ஒருத்தர் அழுவாரு. எனக்கு நாப்பது காட்டுது, நான் நெஜமாத்தான் சொன்னேன்னு. அவர்கிட்ட சண்டை போடாதீங்க. மெஷின் தப்பு சொல்லாதுங்க, நம்ம மனசுக்குள்ளதான் நமக்கே தெரியாம ஏதோ இருக்குதுன்னு பக்குவமா எடுத்துச் சொல்லணும். எனக்கே அப்படித்தான் இருக்குது, நான் ஒத்துக்கலயா?"

குலசேகரன் தன் அறைக்குப் போய், இழுப்பறையிலிருந்த காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தான். அவளிடம் மட்டும் சொன்னால் அவள் மட்டும் ஆறுதலடைவாள். வேலையும் போகும், பட்டியலில் பெயரும் ஏறும். பாங்குக்காரர்களின் முன்னால் சொல்ல வேண்டும். ஹாலில் உள்ளவர்களை அவரவர் பெயரைச் சொல்லச் சொன்னால் போதும். திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

*

புதன்கிழமை பாங்குக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். அவர்களுக்காக நான்கு நாற்காலிகள் வரவழைக்கப்பட்டிருந்தன. அமலோற்பவம் கறுப்பு அங்கியில், தொப்பி நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளை அழைத்து வரவில்லை. தம்பி ஆரோக்கியம் முன்வரிசைப் பஞ்சு மூட்டையில், நெகிழ்ச்சியான முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"அமலிக்கா எனக்கு இன்னொரு அம்மா," என்று தொடங்கினான் அபினவ். தொண்ணூற்றேழு. "நம்ம குடும்பத்துலேர்ந்து ஒருத்தர அனுப்பறது எவ்வளவு வலிக்குதுன்னு..." தொண்ணூற்றொன்பது.

பாங்கு அம்மாள் ஒருத்தி திரையைப் பார்த்துக் குறிப்பு எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தான் குலசேகரன். ரித்திகாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. அமலிக்கா, உங்க முழுப்பேரச் சொல்லுங்க."

அபினவ் தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்போதே குலசேகரனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அமலோற்பவம்," என்றாள் அவள்.

நூறு.

குலசேகரன் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "ஊர்?"

"ராயபுரம்."

நூறு. ஹாலில் கைதட்டல்.

அபினவ் பக்கத்தில் வந்து, மைக்கில் விழாமல், தோழமையோடு சொன்னான்: "மெஷின்ல இருந்த அந்த பக் பத்தி நீ சொன்னது ரொம்ப உதவி, குலா. நேத்தே ஆள விட்டு அடைச்சுட்டேன். ரெண்டே வரி. பணியாளர் பதிவேட்டுல இருக்கற எதைச் சொன்னாலும் நூறு காட்டிடும். டெமோவுல ஓட்டை இருக்கலாமா?"

பதிவேட்டில் இல்லாத ஒன்று வேண்டும். "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

இருபத்தேழு.

ஹால் அதிரச் சிரித்தார்கள். "இட்லிகூடப் பொய்யா அமலிக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்படின்னா இவங்க இட்லி சாப்பிடலையா?" என்று பாங்கு அம்மாள் உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"அதுதான் மேடம் இதோட பவரே," என்றான் அபினவ்.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. "மூணு இட்லி," என்றாள் மெதுவாக. இருபத்தெட்டு. "செலினுக்கு டப்பாவுல வச்சேன்... அப்புறம் நான் நின்னுக்கிட்டே... தின்னேனா? தின்னுட்டுத்தானே வந்தேன்?" இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டாள்.

குலசேகரன் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டான்.

"எல்லாரும் கேளுங்க. இந்த மெஷின் தப்பு. கட்டுனவன் சொல்றேன். தலைகீழா அளக்குது. இதுவரைக்கும் நாம வெளிய அனுப்பின அறுபத்தொரு பேரும் நிஜமா நம்புனவங்க. இந்த ஹால்ல இந்தக் கம்பெனிய நம்பற ஒரே ஆள் இப்ப அமலிக்காதான். நாம எல்லாரும்தான் நடிக்கிறோம். நான் உட்பட."

திரையில் குலசேகரன் என்ற பெயர் மேலே வந்தது. பத்தொன்பது.

தொண்ணூறுக்குக் கீழே போகாத மனிதன் அவன். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தேர்ந்தெடுத்துப் பொறுக்கிய இருநூறு பேர். அவன் சொன்னது கணிசமான பேருக்குப் புரிந்தது. தங்கள் தொண்ணூறுகளையும் தொண்ணூற்றைந்துகளையும் நினைத்துப் பார்த்தார்கள். புரியாதவர்கள் திகைத்துப் போய் இருக்க, புரிந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அதிலும் முதல் கை ஆரோக்கியத்தினுடையது.

"அபி! அபி! அபி!" என்று தாளம் பிடித்தது கூட்டம்.

"நட்பு ஒரு மனுஷன எவ்வளவு தூரம் பேச வைக்குது பாருங்க," என்றான் அபினவ், பாங்குக்காரர்களைப் பார்த்து. "ஆனா வில்லைக்கு நண்பன் கிடையாது." தொண்ணூற்றொன்பது. நால்வரும் எழுந்து நின்று தட்டினார்கள். அளவீட்டுச் சான்றிதழில் குலசேகரனின் கையெழுத்து இனித் தேவையில்லை என்றும், பத்தொன்பது வாங்கியவன் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்றும் ரித்திகா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கையெழுத்துக்காகக் கொண்டுவந்த பேனா அவளிடமே இருந்தது.

குலசேகரன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அமலோற்பவத்திடம் போனான். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"நிஜம்தான்க்கா," என்றான். "நீங்க கோயில்ல கேட்டது நிஜம். இட்லி தின்னது நிஜம். மெஷின்தான் பொய். செலின்மேல சத்தியமா."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தாள். அவன் பெயருக்கு எதிரே பதினான்கு.

அங்கிக்குள்ளிருந்து கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"போதும் தம்பி. எனக்காக நீ இப்படிப் பொய் சொல்லாத. உன் பேரும் கெட்டுப் போயிடும்."